குறட்டைக்காரரின் மூட்டை

அலிஸ்டர் கெடெஸ் மூட்டை கட்டுவதைப் பார்த்தால் சந்திரனுக்குப் போகிறவர் என்றுதான் தோன்றும். அத்தனை கறார். கோர் ஊரில் முப்பது வருடம் பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஏழு வருடமாக டிசம்பர் கோடை பிறந்தால் செர்ரி பறிக்க க்ராம்வெல்லுக்குக் கிளம்பிவிடுவார். ஆறு வாரம். தங்குவது ஊர்க்கோடி விடுதியில், எட்டுப் பேர் படுக்கும் பொது அறையில், ஜன்னலோரக் கீழ்க்கட்டிலில். அவருக்கு முழங்கால் பழுது. மேல்கட்டிலில் ஏற்றிவிட்டால் இறக்குவதற்கு கிரேன் வேண்டும்.

சக்கரப் பெட்டியோடு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். கட்டிலடியில் நுழையாத பெட்டி எதற்கு? பிளாஸ்டிக் பையோ அவருக்கு ஜென்மப் பகை. விடியற்காலையில் ஒரு ஆள் பிளாஸ்டிக் பைக்குள் காலுறையைத் தேடினால் மீதி ஏழு பேரும் எழுந்து உட்கார வேண்டியதுதான். ஆகவே அவரிடம் எல்லாமே துணிப்பை. குளியலறைக்கு ரப்பர் செருப்பு உண்டு. அந்தத் தரையில் எத்தனை தேசத்துக் கால்கள் நின்றனவோ, நினைக்காமலிருப்பது நல்லது. சொந்தப் பூட்டு, கட்டிலுக்கு மறைப்பாகக் கட்ட ஒரு கறுப்புத் துணி, யார் கண்ணையும் உறுத்தாத சிவப்பு நெற்றி விளக்கு. பிறகு நாலு பேர் செருகக்கூடிய பிளக் போர்டு. சுவரில் ஒரே ஒரு பிளக் இருக்கும் அறையில் அதை வைத்திருப்பவன்தான் ராஜா. சாப்பாட்டுப் பொருளில் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டவும் மறக்கமாட்டார். ஒட்டாமல் விட்டால், வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜ் கழுவும்போது உங்கள் வெண்ணெய் ஊர்ச் சொத்து.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய காதடைப்பான். ஐம்பது ஜோடி. தனக்கில்லை, அறையில் இருப்பவர்களுக்கு.

ஏனென்றால் மனிதர் குறட்டை விடுவார். சும்மா குறட்டை இல்லை. மேட்டில் ஏறும் டேங்கர் அவர் தொண்டையில் குடியிருந்தது. மனைவி ஜானெட் முப்பத்தெட்டு வருடமாக அதைக் கேட்டவள்.

"செர்ரி பறிக்கப் போறேன்னு நீ ஊர்ல சொல்லிக்கோ. தூங்கப் போறது நான்தான்," என்று இந்த முறையும் வாசலில் நின்று வழியனுப்பினாள்.

"ஆறு வாரத்துல என்னைத் தேட மாட்டே?"

"தேடினா போன் பண்றேன். நீ போன்லயே குறட்டை விடு."

போன முதல் நாளே அலிஸ்டர் கட்டில் கட்டிலாகப் போய்த் தலா இரண்டு ஜோடி அடைப்பான் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். செக் நாட்டுப் பெண் மிலெனா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அர்ஜென்டினாக்காரன் ஃபகுண்டோ, "கல்யாண வீட்ல மிட்டாய் குடுக்கிற மாதிரில்ல குடுக்கிறே, பெருசு!" என்று கேலி செய்தான். பகலெல்லாம் ஏணியும் வாளியுமாக மரத்தடியில் கிடப்பார்கள். மாலையில் ஒரே அடுப்புக்கு அடித்துக்கொண்டு சமைப்பார்கள். ஒன்பது மணிக்கு அறை அடங்கிவிடும். பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் தன்னைப் பெருசு என்று கூப்பிடுவதில் அலிஸ்டருக்கு உள்ளூர அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குத்தான் கண் பட்டது. விடுதியை அந்த வருடம்தான் மெரியல் என்ற பெண் வாங்கியிருந்தாள். சட்டம் என்றால் சட்டம் அவளுக்கு. காலை ஆறு மணிக்கு முன்னால் அறையில் அலாரம் அடிக்கக் கூடாது, வாசலில் வண்டி ஹாரன் அடிக்கக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தாள். மூன்றாவது வாரம் அவள் அலிஸ்டரை அழைத்துப் புகார் நோட்டைக் காட்டினாள்.

"நேத்து பக்கத்து அறையில ஒரு ராத்திரி தங்கின சைக்கிள்காரர் முழுப் பக்கம் எழுதியிருக்கார், மிஸ்டர் கெடெஸ். இன்னொரு தடவை உங்க பேர் இதுல வந்துச்சுன்னா கட்டிலை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். பதினோரு பேர் காத்திருக்காங்க."

செர்ரிக் காலத்தில் அந்த ஊரில் வேறு கட்டில் கிடையாது. காரில் படுத்தால் முழங்கால் இரண்டு நாள் தாங்காது. கட்டில் போனால் பருவமே போனது. பாதியில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சம்பளம் போனால் போகட்டும், இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக அலிஸ்டருக்கு மனம் வரவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தூங்கினால்தானே குறட்டை? அன்று ஒன்பது மணிக்கு அறைக்குப் போகாமல் சமையலறையில் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி வரை தாக்குப் பிடித்தார். வழக்கமாக எழும் நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே, உட்கார்ந்தே ஓட்டிவிடலாம் என்று கட்டிலுக்குப் போனார். உட்கார்ந்ததுதான் தெரியும்.

யாரோ தோளை உலுக்கியபோது முகத்தில் வெயில் அடித்தது. எதிரே மெரியல். மணி ஆறரை. ஐந்து மணிக்கு வந்த தோட்டத்து வேன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. அந்த அறையில் அவரோடு பறிக்கப் போகிற மற்ற ஏழு பேரில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக இப்போதுதான் முளைத்தது.

"தோட்டக்காரர் போன்ல என்னைக் காய்ச்சி எடுத்துட்டார்," என்றாள் மெரியல். "வாசல் வரைக்கும் கேக்குது உங்க குறட்டை. இவங்கள ராத்திரி தூங்க விட்டிருந்தா எழுந்திருக்க மாட்டாங்களா?"

ஏழு பேருக்கு ஒரு நாள் கூலி தன்னால் போயிற்றே என்று அலிஸ்டர் கூசிப்போனார். மெரியல் வெளியே போனதும் கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்தார். துணிப்பைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். மிலெனாவும் ஃபகுண்டோவும் மற்றவர்களும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வரவேற்பறைக்குப் போவது தெரிந்தது. புகார் நோட்டு அங்கேதான் இருந்தது. எழுதட்டும், எழுத அவர்களுக்கு உரிமை உண்டு என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சாவியைக் கொடுக்கப் போனபோது எல்லோரும் அங்கேயே நின்றார்கள். மெரியல் கையில் நோட்டு.

"உங்க பேர் வந்திருக்கு, மிஸ்டர் கெடெஸ். ஏழு கட்டில் ஆளுங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "'வழக்கமாக ஒன்பதரைக்குத் தொடங்கும் குறட்டை நேற்றுத் தொடங்கவில்லை. அதனால் எங்களுக்கு மூன்று மணி வரை தூக்கம் வரவில்லை. தினமும் நாலே காலுக்கு அது நிற்கும், நின்றதும் விழித்துக்கொள்வோம். இன்று நிற்காததால் யாரும் விழிக்கவில்லை. அலாரம் வைக்க இங்கே அனுமதியும் இல்லை. ஆகவே திரு. கெடெஸ் நேரத்துக்குப் படுக்குமாறு நிர்வாகம் கண்டிக்க வேண்டும்.'"

"அப்போ நான் குடுத்த அடைப்பான்?" என்றார் அலிஸ்டர், குழறலாக.

"அதைக் காதுல வெச்சா எப்படி எழுந்திருக்கிறதாம்?" என்றாள் மிலெனா.

"நீ பாட்டுக்குச் சமையல்கட்டுல உக்காந்துட்டே. இங்க நாங்க கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தோம்," என்று ஃபகுண்டோ சண்டைக்கு வந்தான். "போ பெருசு, மூட்டையைக் கொண்டுபோய் வை!"

மெரியல் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். "சொன்னா சொன்னதுதான். ஆனா கட்டிலைப் பறிக்கச் சொல்லி இதுல எழுதலையே. கண்டிக்கத்தானே சொல்லியிருக்காங்க? கண்டிச்சாச்சு."

அலிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கவும் அவர் கூச்சப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து படுக்கைக்குப் போகும்போதெல்லாம் யாரிடமாவது முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வந்த மனிதர் அவர். அன்று ராத்திரி அறையில் விளக்கணைந்ததும், யாரிடமும் ஒன்றும் கேட்காமல், கைகளை விரித்து மல்லாந்து படுத்தார்.