மல்லிகா அக்கா ஓடவில்லை

மல்லிகா அக்கா இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராக வந்தது. திண்டிவனத்தில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்குப் போன வாரம் ஒருவர் வந்து, "கண்ணீர் அஞ்சலி, ஆறுக்கு நாலு பேனர். ஜல்தியா வேணும்" என்று ஒரு போட்டோவை நீட்டினார். போட்டோவில் அக்கா. எங்கள் வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்துக்குக் குடிபோனவர், அங்கே மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாராம். வந்தவர் அவருடைய அண்ணன். அக்கா ஆறு வருடம் உட்கார்ந்து பிழை திருத்திய நாற்காலியின் மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அது அவருக்குத் தெரியாது.

எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு அக்காவை நினைவிருக்கும். போலியோவில் சூம்பிய இடது காலில் இரும்புப் பட்டை போட்டு நடப்பார். வேறு சாதியைச் சேர்ந்த, மினி பஸ் ஓட்டும் அந்தோணி அண்ணனைக் கட்டிக்கொண்டதால், வல்லம் பக்கத்தில் இருக்கும் தன் சொந்த ஊருக்கு அக்கா இருபது வருடமாக 'ஓடிப்போனவ'.

"பஸ் ஸ்டாப்புக்குப் போகவே எனக்கு அரை மணி நேரம் ஆச்சுடி. தெருவே பார்த்துக்கினு இருந்துச்சு. அதுக்குப் பேரு ஓட்டமாம்" என்பார். "அவரு ஓட்றவரு, நான் ஓடினவ. பொருத்தம் எப்படி?"

ஒரு நாள் அச்சு இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "மெஷின் ஓடுது, ஃபேன் ஓடுது, வாய்க்கால்ல தண்ணி ஓடுது, பொழப்பும் ஓடுது. யாராவது அசிங்கமா பேசறாங்களா? பொம்பள ஓடினா மட்டும் அந்த வார்த்த நாறிப்போவுது." நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பஸ் ஏறிய அன்று என் அம்மா சொன்னதும் "ஓடிகீடிப் போயிடாத" என்பதுதான்.

போன வாரம் வந்த அக்காவின் அண்ணன் சொல்லச் சொல்ல, பேனருக்கான வாசகத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். அப்பா பெயர், அண்ணன்கள் பெயர்.

"அவங்க வீட்டுக்காரர் பேருங்க?"

"ஓடிப்போனதுக்கு ஏதும்மா வீட்டுக்காரன்? அத வுடு."

கடைக்கு வருகிறவர்களிடம் நான் நிமிர்ந்து பேசியதில்லை. அன்று பேசினேன். "அவங்க ஓடலைங்க. நடந்துதான் போனாங்க. அந்தக் கால வச்சிக்கினு எங்க ஓடறது?" 'அந்தோணியின் மனைவி' என்று அடித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

"வந்த ஆர்டரத் தொரத்திட்டியே" என்றார் முதலாளி.

பேனர் இப்போது அந்த ஊர் முனையில் நிற்கிறது. அந்தோணி அண்ணனின் பெயர் அதில் இல்லை. இருபது வருடம் அக்காவை உள்ளே விடாத தெருவுக்கு இப்போது அவர் முகம் மட்டும் வேண்டியிருக்கிறது.

அதனால் நான் எழுதுகிறேன். மல்லிகா, அந்தோணியின் மனைவி, பிழை திருத்துபவர். அவருடைய சிவப்புப் பேனா இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். 'ஓடிப்போனவ' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் மேலே எழுதுகிறேன்: நடந்து போனவர்.