கதவடித் தொட்டி

ஈரக் கல்லும் அணைந்த மெழுகுதிரியும் சப்பாத்தில் ஒட்டி வந்த, பனி உருக வீதியில் தூவும் உப்பும் கலந்த ஒரு வாடை, நாங்கள் "கல்லுச் சேர்ச்" என்று சொல்லும் அந்த ஸ்காபரோ நகரத் தேவாலயத்துக்கு இருந்தது. எங்களுக்கு முன்பே இந்தக் குளிர்நாட்டில் குடியேறிய ஆங்கிலேயர், தங்கள் கிராமத்து மத்திய காலத் தேவாலயத்தை நினைவில் வைத்து, அதே சதுரக் கோபுரம், கூர்வளைவு யன்னல்கள், தெற்கு முன்வாசல் என்று அச்சொட்டாகக் கட்டியது. அதன் நிலத்தடி "பேஸ்மென்ற்"றில்தான் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு.

எட்டு வயதில், ஒரு பனிக்காலத்தில், எங்கள் வீடிருந்த மல்வேர்னிலிருந்து பஸ் மாறி முதன்முதலாக என்னைக் கூட்டி வந்த அம்மா, வகுப்புக்குப் பக்கத்துக் கதவு இருப்பது தெரியாமல் தெற்கு வாசலால் நுழைந்துவிட்டார். எந்தச் சாமியென்றாலும் கோயில் கோயில்தான் அவருக்கு. இருவருடைய சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி முன்வாசலில் வைத்தார். உள்ளே கதவடியில் ஒரு கல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு கை அள்ளி என் கால்களில் விட்டார். பிறகு தன் கால்களில்.

அது குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஓடி வந்த தேவாலயப் பொறுப்பாளர், நாங்கள் புனித நீரை அசுத்தப்படுத்திவிட்டதாக என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லி, அதை அம்மாவுக்குச் சொல்லும்படி கட்டளையிட்டார். சொன்னேன்.

"கால் கழுவாமல் கோயிலுக்குள்ள என்னெண்டு போறது? உவரிட்டையே கேள்."

சண்டைக்கல்ல, அறியத்தான் அம்மா கேட்டார். நான் கேட்டேன். பொறுப்பாளர் வெளியே கை காட்டி, உங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கத்துக் கதவு என்றார். அதையும் என் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்ல வைத்தார். அம்மா தன் சால்வையால் நிலத்து ஈரத்தை ஒற்றி எடுத்தார்.

"நீ போய்ப் படி பிள்ளை. நான் வெளியில நிக்கிறன்."

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடியும்வரை பஸ் தரிப்பிடத்தில் நின்றார். மற்ற அன்ரிமார் உள்ளே தேநீர் குடிக்கக் கூப்பிட்டால், "எனக்கு அங்கை வேர்க்கும்" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. படித்தது கட்டடக்கலை வரலாறு. படிக்கப் படிக்க ஆத்திரம்தான் ஏறியது. அந்த மத்திய காலத் தேவாலயங்களில் பீடப்பகுதி மட்டுமே குருவின் பொறுப்பு, நடுமண்டபம் ஊராருடையது. அதை அவர்களே பழுதுபார்த்தார்கள், அங்கேயே கூடினார்கள், திருநாட்களில் உண்டு குடித்தார்கள். முன்வாசலில் கலியாணம் நடந்தது. சில ஊர்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அங்கேதான். தொட்டி கதவடியில் நிற்பதும், தண்ணீர் வழியாகவே உள்ளே வரவேண்டும் என்பதற்காகத்தான். கல்லை இவ்வளவு அச்சொட்டாக நகலெடுத்தவர்கள், ஊருக்குக் கதவு திறக்கும் வழக்கத்தை மட்டும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

கல்லுச் சேர்ச்சின் சபையில் ஆட்கள் குறைந்து கட்டடம் விலைப்படப்போன நேரத்தில்தான், இது நம் எல்லாருடைய மரபு, காப்பாற்ற வாருங்கள் என்று தமிழிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். நம் எல்லாருடைய! நான் போகவில்லை. இப்போது கோபுரத்தை மட்டும் அடுக்குமாடிக் "கொண்டோ"வின் முகப்பாக விட்டுவிட்டு மண்டபத்தை இடித்துத் தரைமட்டமாக்கியிருக்கிறார்கள்.

போன மாதம் அம்மாவுடன் அந்தப் பக்கம் போனபோது காரை நிறுத்தச் சொன்னார். வேலிக்கு இப்பால் நின்று வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளுக்குக் கூரையெல்லாம் வடிவோ, பிள்ளை?"

ஓம், நல்ல அழகு என்றேன். யாராவது மனம் திருந்தி அம்மாவை உள்ளே அழைக்க நினைத்தாலும், அழைப்பதற்கு இனி உள்ளே என்று ஓர் இடமில்லை.