கம்ப்ரஸருக்கு வைத்த பெயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி காலியானது. இன்டர்வியூ இங்கிலீஷில் என்றார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லீவு கேட்கப் போதும், பதவி கேட்கப் போதாது. ஆனால் அந்தப் பதவி எனக்கு வேண்டும். சூப்பர்வைசராகவே தலை நரைத்துக்கொண்டிருந்தது.

தினம் ஒரு பெரிய வார்த்தை கற்றுத்தரும் ஆப் ஒன்றை போனில் போட்டேன். புதுவாயலில் கம்பெனி பஸ் ஏறும்போது மனப்பாடமாகும் வார்த்தை, கம்பெனி கேட்டில் இறங்கும்போது காணாமல் போய்விடும். வெறுத்துப்போய் மெஷின்களுக்கே பெயர் வைத்துவிட்டேன். சொன்ன பேச்சு கேட்காத மோல்டிங் மெஷின் ரிகால்சிட்ரன்ட். சோம்பேறிக் கன்வேயர் லெதார்ஜிக். காலை முதல் புஸ் புஸ்ஸென்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் கம்ப்ரஸர் கேருலஸ். சாக்பீஸால் அதனதன் மேல் எழுதியும் வைத்தேன். பிறகு டீ நேரத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்து அர்த்தம், உதாரணம், உச்சரிப்பு என்று விளக்கினேன். டீ ஆறிப்போனது.

கொஞ்ச நாளில் ஷெட்டே அப்படித்தான் பேசியது. மோல்டிங் மெஷின் ஓட்டும் அக்கா, "சார், ரிகால்சிட்ரன்ட் மறுபடியும் மக்கர் பண்ணிக்கினு கீது. ஒரே பேஜாரு" என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

இன்டர்வியூ அன்று காலை, தலைமை அலுவலக அதிகாரி முதலில் ஷெட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். தமிழ்க்காரர்தான். "இந்த ஷிஃப்ட்ட பாத்துக்கறது யாரும்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நம்ம கேருலஸ் சாருதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது கம்ப்ரஸர் பேராச்சேக்கா!"

"அது சின்ன கேருலஸ் சார். சுவிட்ச்ச ஆஃப் பண்ணா வாய மூடிக்கும்."

ஷெட் மொத்தமும் சிரித்தது. அதிகாரி இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். மானத்தோடு பதவியும் போனது என்றே நினைத்தேன்.

மதியம் இன்டர்வியூவில் அதே அதிகாரி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். ஒரு பக்கத்துக்குப் பதில் உருப்போட்டு வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒன்றுகூட வரவில்லை.

"கேருலஸ், சார்" என்றேன். அதோடு மூடிக்கொண்டேன்.

மேலே ஏதாவது சொல்வேனென்று அவர் காத்திருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பதவி கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதை மறுநாள் ஷெட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்து விளக்கமாகச் சொன்னேன். பாதியில் அக்கா நகர்ந்துபோய்க் கம்ப்ரஸரை ஆன் செய்தார்.