ஒருபக்கமாகப் பார்த்த சாலை

கணவரின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டர் என் கைக்கு வந்துவிட்டது. அன்று சேலையூரிலிருந்து கோவிலம்பாக்கத்தில் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். நேரமாகிவிட்டது, எந்தத் தெருவில் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மெயின் ரோட்டிலேயே போவதும் வருவதுமாக இருந்தேன்.

“இத்தனை வருஷமா வர்ற வழி,” என்றார் பின்சீட்டிலிருந்து.

“நீங்கதானே ஓட்டினீங்க. நீங்க சொல்லுங்க.”

“ஓட்டினா கை தானா திரும்பும். இங்க உன் ஹெல்மெட்தான் தெரியுது.”

மேப் போடலாம் என்றால், சொந்த அக்கா வீட்டுக்கு மேப்பா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தே வந்தவள் நான். இந்தச் சாலையில் இடது பக்கத்துக் கடைகளை மட்டும்தான் எனக்குத் தெரியும். நேரே பார்த்து ஓட்டினால் இது வேறு ஊர்.

ஓரங்கட்டி அவரை இறங்கச் சொன்னேன். ஸ்டாண்டு போட்டு, பின்சீட்டில் பழையபடி காலை இடது பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

“என்ன பண்றே? எல்லாரும் பாக்கறாங்க.”

பாத்திரக் கடை வந்தது. பூச்செடி விற்கிற இடம் வந்தது. டயர் கடை தாண்டியதும் முதுகு பின்னால் சாய்வதுபோல் இருந்தது, வலது கை தானாக முன்சீட்டுப் பக்கம் நீண்டது.

“டயர் கடை தாண்டினதும் ரைட்டு,” என்றேன்.

“அதெப்படி அவ்வளவு கரெக்டா சொல்றே?”

“அங்கதான் உங்க தோளைப் பிடிப்பேன்.”