குடைச் சின்னத்தில் நின்ற எங்கள் அப்பா

எங்கள் அன்பு அப்பா பிறந்தது மலாய் நாட்டில், பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த பெற்றோருக்கு மூன்றாவது பிள்ளை. தமிழைத் தோட்டப் பள்ளியிலும் ஆங்கிலத்தை டவுனுக்கு நடந்துபோயும் படித்தார். பிறகு டவுனில் காஜா பெராங்கில் வீடெடுத்து, வாசலில் ஒரு தட்டச்சு இயந்திரத்தை வைத்து, மனு எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

நாடு சுதந்திரம் அடைந்ததும் தோட்டத்து மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். குடியுரிமை கிடைத்தால்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும். அப்பா ஞாயிறுதோறும் இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விண்ணப்பப் பாரம் எழுதுவார். நேர்காணலுக்கு மலாய் பேசவும் பழக்குவார். ஒரு பெரியவர் எல்லாக் கேள்விக்கும் ‘தெரிமா காசே’ என்று நன்றி சொல்லியே தேறிவிட்டாராம். அப்பா அதைத் தம் வெற்றியாகவே சொல்லிக்கொள்வார்.

கம்போங்குகள் என்ற மலாய்க் கிராமங்களையும் வயல்களையும் தோட்டங்களையும் சேர்த்துப் புதிதாக வரைந்த அந்தக் கிராமத் தொகுதிக்கு முதல் தேர்தல் வந்தது. அப்பா சுயேச்சையாக நின்றார். தோட்டத்துக்கு ரோடு வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கோரிக்கை. அவருடைய அக்கா, பிரசவ வலியோடு போன மாட்டுவண்டி செம்மண் சேற்றில் சிக்கியதால், ஆஸ்பத்திரி போய்ச் சேராமலே இறந்தவர். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அப்பா சிரிக்கமாட்டார்.

அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. பக்கத்து வீட்டுச் சிட்டி மாமாதான் பிரச்சாரத் தளபதி. தமிழர் வழிவந்தும் மலாயே பேசும் சிட்டி இனத்தவர்; தமிழ் வராது. ‘குடைக்குப் போடுங்க’ என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்து, கம்போங்குகளில்கூடத் தமிழிலேயே முழங்கிவிட்டு வந்தார்.

வாக்களிப்பு நாளில் கொட்டும் மழை. ஊரே குடையோடு வரிசையில் நின்றது. சாவடிக்குள் சின்னத்தைக் காட்டிப் பிரச்சாரம் நடக்கிறது என்று எதிர்த்தரப்பு முகவர் புகார் கொடுத்தார். அதிகாரி வானத்தைப் பார்த்துவிட்டுப் புகாரை மடித்து வைத்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தாமும் வரிசையில் நின்று மேசைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய பெயர் டவுன் பட்டியலில் இருந்தது. ஊருக்கெல்லாம் பாரம் எழுதியவர், பெயரை இந்தத் தொகுதிக்கு மாற்றத் தமக்கு ஒன்று எழுத மறந்திருந்தார்.

ஓட்டு எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கம்போங்கைச் சேர்ந்த மலாய்க்காரர் ஒருவர் வென்றார்.

அடுத்த ஞாயிறும் அப்பா சைக்கிளை எடுத்தார். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. முதலில் வந்து உட்கார்ந்தவர் தோட்டத்து மாரியாயி அக்கா. மருமகளுக்குப் பாரம் எழுத வந்திருந்தார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று அப்பா கேட்டே விட்டார்.

“தம்பி, பொய் சொல்ல மாட்டேன். நீங்க ஜெயிச்சா கோட்டு மாட்டிக்கிட்டு டவுன்லயே உட்கார்ந்துடுவீங்க. அப்புறம் எங்களுக்கு யாரு பாரம் எழுதுறது? லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் பேசித்தான் அந்தப் பக்கம் போட்டுட்டோம்.”

அப்பா இயந்திரத்தில் தாளைச் செருகினார். மருமகளின் பெயரைக் கேட்டார்.

அன்று மாலையே ஜெயித்தவருக்கு ரோடு கேட்டு முதல் மனுவை எழுதினார். பிறகு வாரம் ஒன்று. தோற்றவர் நிம்மதியாக இருக்கிறார், ஜெயித்த எனக்குத்தான் நிம்மதி இல்லை என்று அவர் மலாயில் புலம்பும் அளவுக்கு எழுதினார். ரோடு வந்தது. தார் காயும் முன்பே அப்பா அதில் சைக்கிள் ஓட்டித் திட்டும் வாங்கினார்.

கடைசி நாட்களில், மருத்துவமனைப் பாரத்தில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திய பிறகே கையெழுத்திட்டார். எங்கள் கைகளைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

இரவு பகல் பாராமல் உடனிருந்த தாதியருக்கும், துக்கத்தின் மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த சிட்டி மாமாவின் பிள்ளைகளுக்கும், தோட்டத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பெரியவர்களில் பலர் என் கையைப் பிடித்து, “உங்கப்பாவுக்கு நான் ஓட்டுப் போட்டேம்மா” என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள், அப்பாவுக்கு விழுந்த ஓட்டுகளைவிட அதிகம். அனைவருக்கும் எங்கள் நன்றி.