பைப்படியில் ஆயாவைத் தேர்ந்தெடுத்த சனிக்கிழமை

“பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டா ஆள எடை போடத் தெரிஞ்சிருமாக்கும்?” என்று சபை மூப்பர் என்னிடம் கேட்டார். போதகரை முன்னால் வைத்துக்கொண்டே கேட்டார்.

தேவிகுளத்துக்கு மேலே, எங்கள் எஸ்டேட்டில், சபை நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிக்கு ஓர் ஆயா வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். எழுதத் தெரியும் என்பதற்காகத்தான் கமிட்டியில் என்னைச் சேர்த்தார்கள். பேசவும் சேர்த்து அழைத்திருக்கிறார்கள் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அதனால் பேசினேன். மோசேக்கு அவருடைய மாமனார் சொன்ன யோசனையை எடுத்துக் காட்டினேன். தெய்வ பயம் உள்ளவர்களை, லஞ்சத்துக்குக் கைநீட்டாதவர்களைப் பார்த்து எடு என்றால், ஆளோடு பழகியவர்களிடம் விசாரிக்காமல் அது எப்படித் தெரியும்? விடுதிப் பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அதற்குத்தான் மூப்பர் அப்படிக் கேட்டார்.

பிள்ளைகளைக் கேட்டால், தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்து அக்காவைத்தான் சொல்வார்கள். காய்ச்சல் வந்தாலும், வயதுக்கு வந்து பயந்துபோனாலும், அவர்கள் அவள் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். அவள் புருஷன் அந்த மழைக்காலத்தில் இறந்துபோனான். அவளுக்கு எஸ்டேட்டில் தொழிலாளியாகப் பேர் பதியவில்லை. பேர் இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடு கிடையாது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கே போவாள்? ஆயா வேலைக்கு விடுதியில் ஓர் அறை உண்டு. அவளுக்குச் சம்பளத்தைவிட அந்த அறைதான் பெரிது.

மூப்பர் வேறு வழி வைத்திருந்தார். ஆபிரகாமின் வேலைக்காரன் ஈசாக்குக்குப் பெண் பார்த்தது கிணற்றடியில்தானே? தனக்கும் தன் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் ஊற்றியவளைத்தானே தேர்ந்தெடுத்தான்? நாமும் அப்படிப் பார்ப்போம் என்றார். போதகருக்கு அது பிடித்துப்போயிற்று. ஜெபம் செய்து முடித்தார்கள்.

வேலை கேட்டிருந்த இரண்டு பேரையும் சனிக்கிழமை வந்து விடுதிக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றச் சொன்னார்கள். பைப்படிக்குப் பக்கத்துக் கல்லில் மூப்பர் களைத்தவர் போல உட்கார்ந்தார். சாட்சிக்கு நான்.

“நீ வாயத் தொறக்கப்படாது பிள்ள. நானும் கேக்க மாட்டேன். கேக்காம குடுக்கவதான் ஆயா.”

முதலில் வந்தவள் கீழ் லயத்துக்காரி. மூப்பருக்குத் தூரத்து உறவு. “என்ன மாமா, ஏத்தம் மூச்ச வாங்குதோ? அத்த போட்ட சோறு அம்புட்டுதானா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். எனக்கும் ஒரு செம்பு தந்தாள். நல்ல மனுஷிதான், அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு அக்கா வந்தாள். மூப்பரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். அவர் முகத்தைத் துடைத்தார், இருமினார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்று, பைப்பைத் திறந்தபடியே விட்டாள். “தண்ணி வருதுய்யா, பிடிச்சிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து போகும்வரை தள்ளியே நின்றாள்.

“பாத்தியா?” என்றார் மூப்பர், இறங்கி வரும்போது. “ஒரு வாய்த் தண்ணி குடுக்க மனசில்ல.”

மூப்பர் ஒரு சாதி, மேல் லயத்தில் இருந்த நாங்கள் வேறு சாதி. திருவிருந்தில் எல்லோருக்கும் ஒரே கிண்ணம்தான். ஆனால் எங்கள் லயத்துக்கு ஜெபத்துக்கு வரும்போதெல்லாம், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “இப்பத்தான் காப்பி குடிச்சிட்டு வாறேன்” என்பார். எங்களில் யாரும் அவருக்கு எதையும் நீட்டியதில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். 

“லயத்துல நான் என்னைக்காவது வேண்டாம்னு சொல்லிருக்கேனா?” என்றார் மூப்பர்.

“என்னைக்காவது கேட்டிருக்கீங்களாய்யா? ஆபிரகாம் வேலைக்காரன் வாயத் தொறந்து கேட்டான். நீங்க அதையில்லா விட்டுட்டீங்க.”

மூப்பர் போதகரைப் பார்த்தார். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். “நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா,” என்றார். “ஆனா ஜெபம் பண்ணி எடுத்த முடிவு. இப்ப மாத்துனா ஜனங்க என்ன நினைப்பாங்க?”

வேதத்திலிருந்து நான் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ராஜாவைத் தேர்ந்தெடுக்கப் போன சாமுவேல்கூட முதலில் உயரத்தைப் பார்த்து ஏமாந்தார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புரிந்தது என்று சொன்ன மனிதரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? கீழ் லயத்துக்காரியின் பெயரை என் கையெழுத்தில்தான் எழுதினேன்.

மாதக் கடைசி நாளன்று அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பானை சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், சிரித்தாள்.

“நான் நீட்டி, அவரு வேண்டாம்னுட்டாருன்னு வையி. அதுக்கப்புறம் அந்தப் பைப்படிக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? நீ நீட்டிருப்பியாட்டி?”

நான் நீட்டியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“எங்கக்கா போவ?”

“பஸ்ஸு எங்க போவுதோ அங்க” என்றாள். சின்னவள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளை இறக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

“ஏட்டி, ஒங்கப்பா என்ன சொல்வாரோ!”

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்கும் ஓர் அறைதான். வெளியாள் தங்குவது தெரிந்தால் எஸ்டேட்காரர்கள் அப்பாவைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். தெரியாமல் போகவும் போகாது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிவிட்டு வீடு திரும்பியபோது பெட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அக்கா அடுப்பருகே அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் என் பாயில் தூங்கிவிட்டிருந்தன.