ராஜமணியின் இரண்டு விரல்கள்

களியக்காவிளையில் ராஜமணியின் ஒர்க்‌ஷாப்பைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் என்ஜினுக்கு டைமிங் பெல்ட் என்னும் பல் வைத்த பட்டையை மாட்டியவர். இறுக்கம் பார்க்க அங்கே கேஜ் என்ற அளவுகருவி உண்டு, இவர் தொடமாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பெல்ட்டைப் பிடித்து லேசாகத் திருகுவார். கால் வட்டத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் லூஸ். "கேஜ் எதுக்கு மக்கா, எனக்க விரலு இருக்கே" என்பது ஊருக்கே மனப்பாடம்.

அந்த விரல்கள் மரத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. சர்க்கரை செய்த வேலை. மனைவி கிரேசியிடம்கூட மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் எவன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்?

இப்போது உள்ளூர்ப் பையன் லிஜினின் முப்பத்தைந்து வருடப் பழைய சிவப்புக் கார், புது பெல்ட் மாட்டி முன்னால் நிற்கிறது. சனிக்கிழமை அவன் தங்கை ஷிஜிக்குக் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் இதில் ஏற்றி ஹைவேயில் நாகர்கோவில்வரை போகப்போகிறான். லூஸான பெல்ட் சில பற்கள் தாண்டினால் போதும், வால்வு பிஸ்டனில் இடித்து என்ஜின் ஓட்டத்திலேயே நின்றுவிடும். பின்னால் கல் ஏற்றி வரும் லாரி நிற்குமா? கொச்சியிலிருந்து கேஜ் வரவழைக்கட்டுமா என்று லிஜின் கேட்டபோது சிரித்தவர் ராஜமணிதான்.

ஆறிய என்ஜினில் மூன்று முறை திருகிப் பார்த்தார். பெல்ட் திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்பது விரலுக்குத் தெரியவில்லை. லிஜின் வரும் நேரமாகிவிட்டது.

"ஏட்டி, இஞ்ச வா. இதைப் பிடிச்சு லேசாத் திருவு."

பின்னால் இருந்த வீட்டிலிருந்து கிரேசி மீன் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து திருகினாள். அரை வட்டம் போயிற்று.

"தொளதொளன்னு கெடக்கு. நீங்க பாக்கலியா?"

போதுமென்று மூடி போட இருந்தவர் அவர். ஸ்பானரால் இறுக்கினார். அவள் திருகினாள். என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் திருகச் சொன்னார். கால் வட்டத்தில் நின்றது. அவள் அவருடைய விரல்களையே உற்றுப் பார்த்தாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

லிஜின் வந்து ஸ்டார்ட் செய்தான். பத்து நிமிடம் சீராக ஓடியது. ராஜமணிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"சொன்னேம்லா மக்கா, எனக்க விரலு..." என்று கையை ஊன்றிக் குனிந்தார்.

கிரேசி பாய்ந்து வந்து அந்தக் கையை இழுத்தாள். ஊன்றியது சூடேறிய புகைக்குழாயின்மேல். விரல்களில் தோல் வெந்து சுருண்டிருந்தது. அவர் முகத்தில் வலியின் சுவடே இல்லை. லிஜின் அதைத்தான் பார்த்தான். என்ஜினை அணைத்தான்.

"ஆசானே, பெல்ட்டத் திருவிப் பாத்தது யாரு?"

நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. ராஜமணி வெந்த விரல்களைப் பார்த்தார்.

"இவளாக்கும்" என்றார். "கொச்சியில கேஜுக்குச் சொல்லு மக்கா. அது வராட்டி இந்த வண்டியில பிள்ளைய ஏத்தாத."